கோரைத் தண்டைக் கையில் கொடுத்துப் போமோ மக்களைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பது எப்படி

பவானிசாகரில் சனிக்கிழமை சாயங்காலம் கதை வகுப்பு எடுக்கிறேன். ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைகள். பாதிப் பேர் இருளர், ஊராளி வீடுகளிலிருந்து வருகிறவர்கள். வட கலிஃபோர்னியாவில் வாழும் போமோ பழங்குடிகளைப் பற்றி நாலு வருஷமாகச் சொல்லி வருகிறேன். நீங்களும் சொல்ல நினைத்தால் இப்படிச் செய்து பாருங்கள்.

முதல் வருஷம் நான் செய்ததை மட்டும் செய்யாதீர்கள். கோழி இறகைக் காகிதப் பட்டையில் ஒட்டி எல்லார் தலையிலும் கட்டிவிட்டேன். அந்த அலங்காரம் வட அமெரிக்கச் சமவெளிப் பழங்குடிகளுடையது, போமோக்களுடையதே அல்ல. முடிந்ததும் ஒரு பையன் கேட்டான்: “அவங்கெல்லாம் செத்துப் போயிட்டாங்களாங்க டீச்சர்?” முழுக்கதையையும் ‘வாழ்ந்தார்கள்’, ‘செய்தார்கள்’ என்றே சொல்லியிருக்கிறேன்! இப்போது ‘வாழ்கிறார்கள்’ என்றுதான் ஆரம்பிக்கிறேன். ஒரே பெயரில் அழைத்தாலும் அவர்களுக்கு 7 மொழிகள், தனித்தனி ஊர்கள், தனித்தனி நிர்வாகங்கள். இதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முந்தின நாளே கோரை சேகரித்து வையுங்கள். கரூர்ப் பக்கம் காவிரிக்கரையில் சொந்தக்காரர் இருந்தால் பாய்க்கோரை கிடைக்கும். இல்லையென்றால் வாய்க்கால் ஓரத்துக் கோரையே போதும். வேரோடு பிடுங்குங்கள். ஆளுக்கொன்று கொடுங்கள்.

நாம் தண்டைக் கிழித்துப் பாய் நெய்கிறோம். போமோக்கள் அதே குடும்பத்துச் செடி ஒன்றில் மண்ணுக்குள் ஓடும் வேர்த்தண்டைத் தோண்டி, பிளந்து, தோலுரித்து, காயவைத்து, வில்லோ மரக்குச்சிகளைச் சுற்றிக் கூடை முடைகிறார்கள். ஆற்றோர மணலில் களையும் கல்லும் நீக்கிப் பராமரித்தால்தான் வேர் நீளமாக, நேராக ஓடும். இறுக்கமாக முடைந்த கூடையில் தண்ணீர் ஒழுகாது. ஓக் கொட்டையை இடித்து, கசப்புப் போகும்வரை மாவை அலசி, கூடையிலேயே சுட்ட கல்லைப் போட்டுக் கூழ் காய்ச்சினார்கள். பறவை இறகு கோத்த கூடைகளும் உண்டு, படம் காட்டுங்கள்.

சரி, இப்போது பிள்ளைகளைக் கோரையைப் பிளக்கச் சொல்லுங்கள். பத்து நிமிஷம் விடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். அநேகமாக ஒருத்தருக்கும் நேராக வராது. எல்சி ஆலனின் கதையைச் சொல்ல அதுதான் நேரம். 1899இல் பிறந்து 1990இல் மறைந்த போமோக் கூடைக் கலைஞர். சிறுவயதில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டு, சொந்த மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டவர். இறந்தவரோடு அவர் கூடைகளையும் புதைப்பது அங்கே வழக்கம். தன் கூடைகளைப் புதைக்காமல் வைத்திருந்து மற்றவர்களுக்குக் காட்டும்படி எல்சியின் அம்மா கேட்டுக்கொண்டார். எல்சி அப்படியே செய்தார், வெளியாருக்கும் சொல்லிக் கொடுத்தார். சொந்த சனங்களில் சிலருக்கே அது பிடிக்கவில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு அணையைப் பற்றி விளக்கவே வேண்டியதில்லை. பவானிசாகரில் தண்ணீர் வற்றும்போது டணாய்க்கன்கோட்டைக் கோயில் வெளியே தெரிவதைப் பார்த்தவர்கள். கலிஃபோர்னியாவின் சொனோமா மாவட்டத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் அணை வந்தபோது போமோக்களின் கோரைப் படுகைகளும் மூழ்க இருந்தன. செடிகளைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டார்கள்.

1850ஐ எப்படிச் சொல்வதென்று ரொம்ப நாள் தயங்கினேன். கிளியர் லேக் ஏரிக்கரையில் இரண்டு வெள்ளைக்காரர்கள் போமோக்களை அடிமைகளாக்கி, பட்டினி போட்டு வேலை வாங்கினார்கள். 1849இல் போமோக்கள் அந்த இருவரையும் கொன்றார்கள். அதற்குப் பழிவாங்க அடுத்த மே மாதம் அமெரிக்க ராணுவம் வந்து ஏரித்தீவில் இருந்தவர்களைக் கொன்று குவித்தது. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். ஆறு வயதுச் சிறுமி லூசி மூர், தண்ணீருக்குள் ஒளிந்து கோரைத் தண்டு வழியாக மூச்சுவிட்டுப் பிழைத்தாள். இதைச் சொல்லும்போது பிள்ளைகள் தங்கள் கையிலிருக்கும் தண்டைப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கில் இறங்க வேண்டாம்.

அப்புறம் மீதி நேரம் முழுக்க நிலத்துக்கு வையுங்கள். ‘ரான்செரியா’ என்பது கலிஃபோர்னியாவில் அமெரிக்க அரசு பழங்குடிகளுக்காக ஒதுக்கிய சிறு நிலம். 1958 சட்டம் பல ரான்செரியாக்களைக் கலைத்தது. டில்லி ஹார்ட்விக் என்ற போமோப் பெண் வழக்குப் போட்டார். 1983இல் 17 ரான்செரியாக்களுக்கு மறுபடி அங்கீகாரம் கிடைத்தது. 2015இல் கஷாயா போமோக்கள் கடலோரத்தில் சுமார் 700 ஏக்கரைத் திரும்பப் பெற்றார்கள். இதைச் சொன்னதும் வன உரிமைப் பட்டாவுக்காகத் தாத்தாவும் அம்மாவும் அலைந்ததைப் பிள்ளைகளே பேச ஆரம்பித்துவிடுவார்கள். குறுக்கிடாதீர்கள். நான் அந்த நேரத்தில் அவர்களோடு தரையில் உட்கார்ந்துகொள்வேன்.