அம்மா கூடத்தில் இருக்கும்போதே வீட்டை ஒழிப்பது எப்படி

வயசான அம்மாவை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர் திரும்பி வருவதற்குள் வீட்டில் சேர்ந்த பழைய சாமானை ஒழித்துவிடு என்றுதான் எல்லாரும் யோசனை சொல்வார்கள். அது வேண்டாம். எண்பதை நெருங்குகிறவருக்கு வீடு பாதி கண்ணில் இருக்கிறது, பாதி கையில் இருக்கிறது. கரண்ட் போனாலும் தீப்பெட்டி இருக்கும் இடத்துக்குக் கை தானாகப் போகும். அவர் இல்லாதபோது இடம் மாற்றிவிட்டால், திரும்பி வந்த அன்றே சொந்த வீட்டில் விருந்தாளி ஆகிவிடுவார். அதோடு, எந்தப் பெட்டிக்குள் எது இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

அதனால் சென்னை ஓட்டேரியில் அம்மாவோடு போய்த் தங்கித்தான் இந்த வேலையைச் செய்தேன். அப்பா பின்னி துணி மில்லில் வேலை பார்த்தவர். 1996-ல் மில் மூடிய பிறகு வீட்டுக்குப் புதுச் சாமான் வருவது குறைந்தது. பழையது மட்டும் எதுவும் வெளியே போகவில்லை.

போனவுடன் எதையும் தொடாதீர்கள். இரண்டு மூன்று நாள் அவர் நடமாட்டத்தைப் பாருங்கள். ராத்திரி பாத்ரூமுக்கு எப்படிப் போகிறார், எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார் என்று கவனியுங்கள். எங்கள் அம்மா பிடிப்பது ஒரு தையல் மிஷினின் விளிம்பை. அது ஓடி எத்தனையோ வருஷமாகிறது. பார்க்கிற யாருக்கும் முதலில் தூக்கிப்போடத் தோன்றுவது அதுதான். சுவரில் உறுதியான கைப்பிடி ஒன்று அடித்து, அம்மாவின் கை அதற்குப் பழகிய பிறகுதான் மிஷின் பேச்சையே எடுத்தேன்.

அப்புறம் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் உள்ள வழி. பரணும் பீரோவும் காத்திருக்கட்டும், முதலில் இந்த வழி காலியாக வேண்டும். தரையில் ஓடும் ஒயர், வழுக்கும் மிதியடி, நடுவில் நிற்கும் ஸ்டூல், பாதி வழியை அடைத்துக்கொண்டிருக்கும் டிரம் எல்லாவற்றையும் ஓரம் கட்டுங்கள். ராத்திரி முழுக்க எரிய ஒரு சின்ன எல்இடி பல்பு போடுங்கள். மொத்த வேலையில் இதை மட்டும் செய்துவிட்டு ஊர் திரும்பினாலும் வந்ததற்குப் பலன் உண்டு.

அடுத்தது மாத்திரை டப்பா. இதில் அவசரமும் இருக்கிறது, அம்மாவும் சண்டைக்கு வரமாட்டார். எங்கள் ஏரியாவில் பாதிப் பேருக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரை வரும். 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வந்த பிறகு வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள். நடுவில் தனியார் டாக்டர் ஒருவர் எழுதிக்கொடுத்ததும் இருக்கும். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் டப்பாவில் கிடக்கலாம். அட்டையில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள், கம்பெனி வைத்த பெயரை நம்பாதீர்கள். தேதி முடிந்ததைத் தனியே எடுங்கள். மற்றதில் எதை நிறுத்துவது என்று நீங்கள் முடிவு செய்யாமல், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி கதை இல்லாத சாமான்கள்: பேப்பர் கட்டு, போன வருஷக் காலண்டர், டப்பா தொலைந்த மூடி, மூடி தொலைந்த டப்பா. இவற்றைப் பழைய பேப்பர்காரருக்குப் போடலாம். ஆனால் எடை பார்க்கும்போது அம்மாவை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். பேரம் அவர் பேசட்டும். நான் பேசியிருந்தால் அந்தக் காசில் பாதிதான் கிடைத்திருக்கும்.

பிளாஸ்டிக் குடங்களில்தான் எங்களுக்குள் முட்டிக்கொண்டது. மாடிப்படிக்கு அடியில் குடத்துக்குள் குடமாக அடுக்கி வைத்திருந்தார். "இன்னாத்துக்குடா அத்த தொடுற? அது பாட்டுக்கு கீது" என்றார். 2019 ஜூனில் புழல் ஏரி வறண்டு, லாரித் தண்ணிக்குத் தெருவே வரிசையில் நின்றபோது இந்தக் குடங்கள்தான் வீட்டைக் காப்பாற்றின. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விரிசல் விட்டதை மட்டும் எடுப்பது என்று பேசி முடித்தோம். ஒவ்வொரு குடத்திலும் தண்ணி ஊற்றி, ஒழுகுகிறதா என்று அவரே பார்த்தார். ஒழுகியதை அவரே தள்ளி வைத்தார்.

கேட்கிற விதமும் முக்கியம். "இது வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டால் "இருக்கட்டும்" என்றுதான் பதில் வரும். "இதை யாருக்குக் கொடுக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். உபரியாக இருந்த குக்கர் பூக்காரம்மாவுக்குப் போனது. அப்பா காலத்து மில் காக்கித் துணி ஒரு பெட்டி நிறைய இருந்தது. கெட்டித் துணி, இன்னும் சாயம் போகவில்லை. எதிர்வீட்டு டெய்லர் பையனைக் கூப்பிட்டு, பை தைத்துத் தரச் சொல்லி அம்மாவே அளவு சொன்னார். இப்போது சந்தில் நாலு வீட்டுக்கு மார்க்கெட் பை அதுதான்.

பித்தளைச் சாமானை எடைக்குப் போடுவதற்கு முன் புளி போட்டுத் தேய்த்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். விளிம்புக்குக் கீழே பேரும் தேதியும் புள்ளி புள்ளியாகக் கொத்தியிருக்கும். சீர் வந்ததா, வாங்கியதா என்று அதிலேயே தெரியும். சீர்ப் பாத்திரத்தை அம்மா வாயால் சொல்லாமல் விற்காதீர்கள். விற்பதென்றால் காந்தம் ஒன்று கையில் இருக்கட்டும். ஒட்டினால் இரும்பு, பித்தளையும் செம்பும் ஒட்டாது. மூன்றையும் தனித்தனியாக எடை போடச் சொல்லுங்கள். கலந்து போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

காகிதம் மட்டும் கடைசி. அதை அவசரமாகச் செய்யக் கூடாது. மூலப்பத்திரம், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், சமையல் கேஸ் புக், மில் சம்பந்தப்பட்ட பிஎஃப் காகிதம் எல்லாம் ஒரே ஃபைலில் போகட்டும். வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறை இணையதளத்தில் எடுத்துக்கொள்ளலாம், மூலப்பத்திரம் தொலைந்தால் அலைய வேண்டும். பழைய பேங்க் பாஸ்புக்கைக் கிழிக்காதீர்கள். பத்து வருஷம் வரவு செலவு இல்லாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போயிருக்கும், ஆனால் கேட்டு வாங்க முடியும். 2023-ல் ரிசர்வ் வங்கி திறந்த உத்கம் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். புடவை மடிப்பையும் அரிசி டப்பா அடியையும் தடவிப் பாருங்கள். 2016 நவம்பரில் செல்லாமல் போன ஐந்நூறு ரூபாய் நோட்டு எங்களுக்கும் கிடைத்தது. அம்மா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

தினமும் காலையில் பத்திலிருந்து பன்னிரண்டு வரை போதும். பரணைத் தட்டும்போது அம்மாவை வாசலில் உட்காரவைத்து, ஈரத் துணியால் துடையுங்கள். துடைப்பம் போட்டால் ராத்திரி முழுக்க இருமல்தான். பஞ்சு மெத்தை, உடைந்த கட்டில் போன்றதைப் போகிக்குக் கொளுத்தலாம் என்று வைத்திருக்காதீர்கள். ஓட்டேரி சந்தில் அந்தப் புகைக்குப் போக இடமே கிடையாது. மாநகராட்சியின் 1913-க்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

கூடப்பிறந்தவர்கள் ஒரு பக்கம். போட்டோ அனுப்பினால் போதும், "ஐயோ, அதை எனக்கு எடுத்து வை" என்று ஆவடியிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் மெசேஜ் வரும். எடுத்துவைத்தால் அது இன்னும் பத்து வருஷம் அம்மாவின் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும். ஒவ்வொரு பொருளிலும் கேட்டவர் பேரை ஒட்டி, பொங்கலுக்குள் வந்து எடுக்காவிட்டால் பேப்பர்காரருக்கு என்று சொல்லிவிட்டேன். சின்ன அண்ணன் மட்டும் வந்தான். அக்காவின் கிரைண்டரை அம்மா ஏற்கெனவே விலை பேசி முடித்துவிட்டார்.