அமெரிக்காவில் ஊருக்கு ஊர் மரியாதை வேறு: புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

கன்சல்டிங் வேலையில் இருப்பவர்களுக்கு ஊர் நிரந்தரமில்லை. கொஞ்ச காலம் நியூ ஜெர்சி, அடுத்த ப்ராஜெக்ட் மினியாபொலிஸ், அப்புறம் அட்லாண்டா, டல்லாஸ் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். போகிற இடமெல்லாம் சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ புதிதாக வந்து இறங்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். எங்கள் செட் ஆட்கள் அந்தக் காலத்தில் எங்கெல்லாம் தடுக்கி விழுந்தோமோ, அங்கேயேதான் அவர்களும் விழுகிறார்கள்.

டிப்ஸ் வைக்காமல் எழுந்து வருவது, வரிசையில் முன்னால் நிற்பவர் முதுகில் ஒட்டிக்கொண்டு நிற்பது, பழகிய இரண்டாம் நாளே சம்பளம் கேட்பது, இதையெல்லாம் ரூம்மேட் யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார். அதனால் விட்டுவிடுகிறேன்.

முதலில் இறங்கிய ஊரையே அமெரிக்கா என்று நினைப்பது

நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் ஒரு வருஷம் இருந்தவர் "அமெரிக்கர்கள் முகம் கொடுத்தே பேச மாட்டார்கள்" என்பார். தெற்கே நாஷ்வில்லில் இருந்தவர் "பேச ஆரம்பித்தால் விடவே மாட்டார்கள்" என்பார். இருவர் சொல்வதும் சரி. 2013-ல் பீட்டர் ரென்ட்ஃப்ரோ என்ற உளவியலாளரின் குழு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் ஆளுமைத் தேர்வு விடைகளைத் தொகுத்து நாட்டை மூன்று வட்டாரங்களாகப் பிரித்துக் காட்டியது. நடு மாநிலங்களும் தெற்கின் பெரும்பகுதியும் சேர்ந்து நட்பும் மரபும் மிகுந்த வட்டாரம். மேற்குப் பக்கம் நிதானமும் புதுமை நாட்டமும் உள்ளது. வடகிழக்கில் படபடப்பும் மனதில் பட்டதைப் போட்டு உடைப்பதும் அதிகம்.

இந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு ஆளை எடைபோடக் கூடாது. எதிரில் இருப்பவர் நேற்றுத்தான் பாஸ்டனிலிருந்து டெக்சாஸுக்குக் குடிவந்தவராக இருக்கலாம். நான் புதியவர்களிடம் சொல்வது இதுதான்: சிரித்துப் பேசுவது, உதவி செய்வது, ஒத்துக்கொள்வது மூன்றும் தனித்தனி. ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். கீழே வரும் தவறுகளில் முக்கால்வாசி இந்தக் கணக்கில் பிறந்தவை.

நியூயார்க் அவசரத்தைக் கோபம் என்று எடுத்துக்கொள்வது

டெலி என்கிற சாண்ட்விச் கடையின் கவுன்டரில் என்ன வாங்குவது என்று யோசித்துக்கொண்டு நின்றால் "நெக்ஸ்ட்!" என்று உங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். புதியவர் முகம் வாடிவிடுகிறது. கவுன்டர்காரருக்கு உங்கள் மேல் ஒரு கோபமும் இல்லை. உங்களுக்குப் பின்னால் நிற்கும் பத்துப் பேரின் மதிய இடைவேளை அவர் கையில் இருக்கிறது. அதே ஊர் சப்வே படிக்கட்டில் குழந்தைத் தள்ளுவண்டியோடு திணறும் அம்மாவைப் பாருங்கள். யாரோ ஒருவர் கேட்காமலே மறுமுனையைத் தூக்கி, மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு, நன்றி சொல்வதற்குள் மறைந்துவிடுவார்.

ராபர்ட் லெவின் என்ற உளவியலாளர் 1990-களின் தொடக்கத்தில் 36 அமெரிக்க நகரங்களில் இதைச் சோதித்தார். பேனாவைத் தவறவிடுவது, காலில் கட்டோடு பத்திரிகைகளைக் கீழே போடுவது, பார்வையற்றவர்போல் சாலையோரம் நிற்பது, முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய கடிதத்தைத் தெருவில் விட்டுவிட்டுப் போவது என்றெல்லாம் செய்து, யார் உதவுகிறார்கள் என்று பார்த்தார். நியூயார்க் நகரம் கடைசி வரிசையில் வந்தது. முதலிடம் பிடித்த ராச்செஸ்டர் இருப்பதும் அதே நியூயார்க் மாநிலத்தில்தான். மாநில எல்லையைவிட மக்கள் நெரிசல்தான் வித்தியாசத்தை அதிகம் விளக்கியது. எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விவரம். தெருவில் விட்ட கடிதங்களில் ஒன்று நியூயார்க்கிலிருந்து கிழித்துப் பிரிக்கப்பட்டு, பின்பக்கம் லெவினின் தாயைப் பழிக்கும் வசவோடு அவருக்கே வந்து சேர்ந்தது. திட்டினாலும் தபாலில் போட்டிருக்கிறார், பாருங்கள்.

பேச்சிலும் இதே கதை. மொழியியலாளர் டெபோரா டானன் 1978-ல் ஒரு தேங்க்ஸ்கிவிங் விருந்துப் பேச்சை முழுக்கப் பதிவு செய்து ஆராய்ந்தார். நியூயார்க்கில் வளர்ந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசினார்கள். ஆர்வமாகக் கேட்கிறேன் என்று காட்டும் வழி அவர்களுக்கு அது. கலிஃபோர்னியாக்காரர்கள் அடுத்தவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். இடைவெளி கிடைக்கவே இல்லை. நாலு பேர் ஒரே சமயத்தில் பேசும் வீட்டில் வளர்ந்த நமக்கு நியூயார்க் மேசை சௌகரியமாகவே இருக்கும். அந்தப் பழக்கத்தோடு நடு மாநிலமான ஐயோவாவுக்குப் போனால்தான் பெயர் கெடும். அங்கே எதிராளி நிறுத்திய பிறகு ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பேசுங்கள். பாதி நேரம் அவர் முடித்திருக்கவே மாட்டார்.

சிரிப்பைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. எத்தனை பேரிடம் சொன்னாலும் அடுத்த பேட்ச் வந்து இதையே செய்கிறது.

இடம் மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸ். கிளையன்ட் பெயர் வேண்டாம். எங்கள் டீமில் ஒரு மதுரைப் பையன். கெட்டிக்காரன், கை வேகம். இரவில் ஆர்டர்களை மொத்தமாகக் கையாளும் ப்ரோகிராம் முழுவதையும் புது முறைக்கு மாற்ற ஒரு டிசைன் போட்டான். மீட்டிங்கில் விளக்கினான். கிளையன்ட் பக்கத்து மேனேஜர், வயதான அம்மா, பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ம், அப்படியும் ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது" என்றார். கூட இருந்த இருவரும் தலையாட்டினார்கள். அந்த அம்மா வீட்டில் செய்து கொண்டுவந்த லெமன் பார் என்ற எலுமிச்சை இனிப்பை ஒரு தட்டில் வைத்து நீட்டினார். பையன் மீட்டிங் குறிப்பில் 'அப்ரூவ்டு' என்று எழுதி அனுப்பிவிட்டான்.

யார் ஒத்துக்கொண்டது என்று கேட்டேன். "என்னண்ணே, எல்லாரும் தலையாட்டுனாங்களே. அந்தம்மா கேக்கு வேற குடுத்தாங்க" என்றான். திரும்பப் போய்க் கேள் என்றேன். கேட்டால் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடும் என்று டீம் லீட் தடுத்துவிட்டார்.

இரண்டு மாதத்துக்கு மேல் ப்ரோகிராம் எழுதினார்கள். டெமோவின்போது அதே அம்மா, அதே இனிய குரலில், தங்கள் கிடங்கு சிஸ்டம் இரவில் இந்தத் தகவல்களை வாங்கவே முடியாது என்றும், ஆரம்பத்திலிருந்தே அதைப் பற்றி யோசனையாக இருந்தது என்றும் சொன்னார். அவர் கணக்கில் அவர் பலமுறை சொல்லியாகிவிட்டது. பையன் காதில் ஒரு தடவைகூட விழவில்லை. கான்ட்ராக்ட் நீட்டிப்பு வரவில்லை. வெளியே போனவர்களில் ஒருவர் எச்-1பி விசாவில் இருந்தவர். வேலை போனால் அந்த விசாவுக்கு அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். மனைவி, பள்ளிக்கூடம் போகும் குழந்தை, லீஸ் முடியாத வீடு என்று எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு மனிதர் பட்ட பாடு சொல்லி முடியாது.

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இது நமக்குத் தெரியாத வித்தையா? பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் சாப்பிட்டுவிட்டு "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்று எழுந்தால், வாசல் தாண்டுவதற்குள் வீட்டில் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிடும். அதே காதை மினசோட்டாவுக்குக் கொண்டுவந்தால் போதும். ஆனால் "வெள்ளைக்காரன் என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான்" என்று யாரோ விமானம் ஏறும் முன் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். நியூ ஜெர்சியில் அது ஓரளவு உண்மை. மிசிசிப்பி ஆற்றின் அந்த மேல்முனையில் இல்லை.

அடையாளம் எளிது. உண்மையாக ஒத்துக்கொண்ட மினசோட்டாக்காரர் நச்சரிப்பார். எப்போது முடியும், யார் செய்வார், பனிப்புயல் வந்து ஆபீஸ் மூடினால் என்ன செய்வீர்கள் என்று தோண்டுவார். கேள்வியும் இல்லை, தேதியும் இல்லை, பாராட்டு மட்டும் வந்தால் அது 'வேண்டாம்'.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பத்துப் பேர் நடுவில் பதில் கேட்காதீர்கள்; அங்கே மறுப்புச் சொல்வது உங்களை அவமானப்படுத்துவது என்று நினைப்பார்கள். மீட்டிங் முடிந்து காபி எடுக்கப் போகும்போது தனியாகப் பிடியுங்கள். "சரிதானே?" என்று கேட்டால் சரி என்றுதான் வரும். "இதில் எது உங்களுக்குத் தலைவலியாகும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மௌனம் நீளும், அதை நீங்கள் நிரப்பாதீர்கள். பிறகு ஒரு மின்னஞ்சல்: டெஸ்ட் சர்வர் யார் தருவார், எந்தத் தேதிக்குள்? பதிலில் தேதிக்குப் பதில் வானிலை வந்தால் டிசைனைத் திரும்ப எடுங்கள்.

இதைப் போலித்தனம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்து சின்னச் சின்ன விவசாய ஊர்களில் குடியேறியவர்களின் வழக்கம் அது. ஜனவரியில் உங்கள் வண்டி பள்ளத்தில் இறங்கினால் பக்கத்துப் பண்ணைக்காரர்தான் வந்து இழுக்க வேண்டும். அவரோடு முகம் முறிந்தால் குளிர்காலம் தாண்டாது. இன்றும் மைனஸ் 25 டிகிரியில் பேட்டரி செத்துக் கிடந்தால், ஜம்பர் கேபிளோடு யாராவது வந்து நிற்பார்கள். அந்த உதவியில் துளியும் பொய் இல்லை. உங்கள் டிசைன் மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஆளுக்கு ஒன்று சமைத்துக் கொண்டுவரும் ஆபீஸ் பாட்லக்கில் தட்டில் கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள். பாதியாக வெட்டி, அந்தப் பாதியையும் பாதியாக வெட்டிக்கொண்டே போவார்கள். நீங்களும் எடுக்காதீர்கள்.

தெற்கில் எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வருவது

ஜார்ஜியாவிலோ டென்னசியிலோ கவுன்டி ஆபீஸ் ஜன்னலில் போய் ஃபாரத்தை நீட்டினால் வேலை நடக்கும், ஆனால் மெதுவாக. நலம் விசாரித்து, வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசி, 'மேம்' போட்டுக் கேட்டுப் பாருங்கள். இல்லாத ஃபாரமும் மேசைக்கடியிலிருந்து வரும். லூசியானாவில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியரை 'சார்', 'மேம்' என்று சொல்லியே பேச வேண்டும் என்று 1999-ல் சட்டமே போட்டார்கள். எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள் என்று கேட்பார்கள். சண்டைக்கு இழுப்பதாக நினைக்க வேண்டாம். பேச்சைத் தொடங்க அங்கே வழக்கமாகக் கேட்பதுதான். அட்லாண்டா பக்கத்து ரிவர்டேல் இந்துக் கோயிலுக்குப் போகிறோம் என்றால் அதைப் பற்றி நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆனால் இந்த இனிப்பை நம்பி அலட்சியமாகப் பேசாதீர்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டோவ் கோஹன், ரிச்சர்ட் நிஸ்பெட் குழு செய்து 1996-ல் வெளியிட்ட பரிசோதனையில், குறுகிய தாழ்வாரத்தில் ஒருவர் வேண்டுமென்றே மாணவர்கள் மேல் இடித்து ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லிவிட்டுப் போனார். வடக்கத்தி மாணவர்கள் பெரும்பாலும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தெற்கத்தி மாணவர்களின் எச்சிலில் மன அழுத்த ஹார்மோன் ஏறியிருந்தது. அங்கே ஒரு கெட்ட வார்த்தை வெறும் வார்த்தையாக நிற்பதில்லை.

சாவு ஊர்வலம் எதிரே வந்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள். எதிர் லேனில் இருந்தாலும்.

ஹார்ன்

மன்ஹாட்டனைத் தாண்டினால், மோதப் போகிறது என்றால் மட்டும்.

சியாட்டிலில் "ஒரு நாள் காபிக்குப் போகலாம்" என்பதை நம்பிக் காத்திருப்பது

அந்த ஒரு நாள் வராது. 2005-ல் உள்ளூர்ப் பத்திரிகை 'சியாட்டில் உறைபனி' என்று இதற்குப் பெயர் வைத்து எழுதியதிலிருந்து அந்த ஊர்க்காரர்களே இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நீங்களே சனிக்கிழமை, காலை எட்டு மணி, இந்த மலைப் பாதை என்று குறித்து அனுப்புங்கள். வருவார்கள். வாராவாரம் கூடும் ஏதாவது ஒரு குழுவில் சேர்வது அதைவிட நல்லது.

ஹவாயில் செருப்போடு வீட்டுக்குள் போவது

ஊரிலிருந்து நேரே வந்தவர்கள் செய்வதில்லை. மெயின்லேண்டில் பத்து வருஷம் இருந்த நம்மவர்கள் செய்கிறார்கள்.

பிட்ஸ்பர்க் சிக்னலில் பச்சை விழுந்ததும் பாய்வது

பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு ஒஹாயோவிலிருந்தும் நியூ ஜெர்சியிலிருந்தும் காரில் போகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பச்சை விழுந்ததும், எதிரே இடப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் முதல் காரை விட்டுவிட்டுத்தான் நேரே போகிறவர் கிளம்புவார். அந்த ஊரின் பழைய நாகரிகம், சட்டத்தில் இடமில்லை. நீங்கள் நேரே போகிறவராக இருந்தால் ஒரு நொடி பொறுத்து அந்தக் காரை விடுங்கள். திரும்புகிறவராக இருந்தால் எதிரே இருப்பவர் கை காட்டும்வரை அசையாதீர்கள், அவர் நம்பர் பிளேட் வெளிமாநிலம் என்றால் முக்கியமாக. இடித்தால் தவறு உங்கள் மேல்தான் எழுதப்படும்.