சி டிரைவில் இடம் பிடிக்க பேக்கப்பை அழிக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

256 ஜிபி எஸ்எஸ்டி போட்ட லேப்டாப்பில் சி டிரைவின் கோடு சிவப்பானதும் பெரும்பாலானோர் செய்வது இதுதான்: போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்குக்கு ஏற்றிவிட்டு, லேப்டாப்பில் இருப்பதை அழித்துவிடுவார்கள். "பேக்கப் எடுத்தாச்சு" என்ற நிம்மதி வேறு. அது பேக்கப் இல்லை, வெறும் இடமாற்றம். லேப்டாப்பில் இருந்த ஒரே பிரதி இப்போது டிஸ்கில் ஒரே பிரதியாக இருக்கிறது. மேசையிலிருந்து ஒருமுறை கீழே விழுந்தால் குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோகூட மிஞ்சாது. இன்னொரு டிஸ்கிலோ கிளவுடிலோ இரண்டாவது பிரதி இருப்பதை உறுதி செய்த பிறகே லேப்டாப்பில் அழியுங்கள்.

ஏற்றும்போது கட்-பேஸ்ட் வேண்டாம், காப்பி செய்யுங்கள். முடிந்ததும் இரண்டு பக்கத்து ஃபோல்டரிலும் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸைத் திறந்து, ஃபைல் எண்ணிக்கையையும் 'சைஸ்' வரியில் உள்ள பைட் கணக்கையும் ஒப்பிடுங்கள். கீழே உள்ள 'சைஸ் ஆன் டிஸ்க்' மாறுபட்டால் கவலை வேண்டாம். டிஸ்க் ஃபார்மட்டைப் பொறுத்து அது மாறும். பிறகு டிஸ்கிலிருந்தே நாலைந்து வீடியோக்களை ஓடவிட்டுப் பாருங்கள். பெரிய வீடியோ மட்டும் ஏற மறுத்தால் டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டில் இருக்கலாம். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. பெரிய ஃபைலையும் ஏற்கும் எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்ற டிஸ்கை ஃபார்மட் செய்ய வேண்டும், அப்போது உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். முதலில் அதை வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

மைக்ரோசாஃப்டின் கிளவுடான ஒன்டிரைவ் ஃபோல்டரில் கை வைக்கும்போது இன்னும் கவனம் தேவை. அது பேக்கப் இல்லை, சிங்க்: லேப்டாப்பையும் கிளவுடையும் ஒரே மாதிரி வைத்திருக்கும். லேப்டாப்பில் டெலீட் செய்தால் கிளவுடிலும் போய்விடும். தனிநபர் கணக்கென்றால் ஆன்லைன் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் இருக்கும், அவ்வளவுதான். இடம்தான் வேண்டுமென்றால் ஃபைலில் ரைட் கிளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுங்கள். ஃபைல் கிளவுடில் இருக்கும், டிஸ்கில் இடம் காலியாகும்.

விண்டோஸ் அப்கிரேடுக்குப் பின் தங்கும் 'விண்டோஸ்.ஓல்ட்' ஃபோல்டர் பல ஜிபியை அடைத்துக்கொள்ளும். எக்ஸ்ப்ளோரரில் அழிக்கப் போனால் பெர்மிஷன் எரர் வரும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய் 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். அழித்த பின் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு பெட்டி இருக்கும். டெம்பரரி என்று நம்பி அதையும் டிக் செய்தால், அங்கே சேமித்த மார்க்‌ஷீட், பில், பத்திர ஸ்கேன் எல்லாம் போகும்.

ஐபோன் பேக்கப்பை ஆப்பிளின் ஐட்யூன்ஸ் மென்பொருளில் எடுப்பவர்களுக்கு சி டிரைவில் பல பத்து ஜிபி மறைந்திருக்கலாம். அந்த பேக்கப் ஃபோல்டருக்குள் இரண்டெழுத்துப் பெயருள்ள குட்டி ஃபோல்டர்கள் வரிசையாக நிற்கும். குப்பை என்று நினைத்து அதில் சிலவற்றை மட்டும் அழித்தால் மொத்த பேக்கப்பும் ரீஸ்டோர் ஆகாமல் போகும். ஐட்யூன்ஸில் எடிட், ப்ரிஃபரன்ஸஸ், டிவைஸஸ் போய், தேதி பார்த்து, பழையதை முழுதாக அங்கேயே நீக்குங்கள்.

முதலில் எல்லாவற்றையும், பிறகு மாறியதை மட்டும் சேமிக்கும் இன்கிரிமென்டல் பேக்கப்பிலும் இதே ஆபத்துதான். பழசு, பெரிசு என்று முதல் 'ஃபுல்' ஃபைலை அழித்தால், அதன்மேல் அடுக்கிய பின்னாள் பேக்கப் ஒன்றுகூடத் திறக்காது. புதிதாக ஒரு ஃபுல் பேக்கப் எடுத்து, ஒரு ஃபைலையாவது ரீஸ்டோர் செய்து பார்த்த பிறகு, பழைய தொகுப்பை அந்த மென்பொருளுக்குள்ளிருந்தே நீக்குங்கள்.