ஹைப்பரா, ஹைப்போவா? ‘உபரி’யை நினைத்துக்கொள்ளுங்கள்

மருத்துவப் பரிசோதனை அறிக்கையில் ‘ஹைப்பர்’ என்று தொடங்கும் சொல்லைக் கண்டால் அணையின் உபரிநீரையும், ‘ஹைப்போ’ என்று தொடங்கினால் தலைவருக்கு அடுத்த படியில் இருக்கும் உபதலைவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். முன்னது மிகுதி, பின்னது குறைவு என்பது அகராதியைப் புரட்டாமலேயே விளங்கிவிடும். இது வெறும் ஒலி ஒற்றுமை அன்று. கிரேக்க ‘ஹைப்பர்’, லத்தீன் ‘சூப்பர்’, ஜெர்மன் ‘ஊபர்’, சமஸ்கிருதத்திலிருந்து நாம் எடுத்துக்கொண்ட ‘உபரி’ ஆகியவை ‘மேலே’ என்னும் பொருளுடைய ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. ‘ஹைப்போ’வும் ‘உப’வும் அவ்வாறே உறவுடையவை. ஆகவே ஹைப்பர்டென்ஷன் என்பது மிகை இரத்த அழுத்தம், ஹைப்போகிளைசீமியா என்பது இரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோவது.

ஆனால் ‘ஹைப்போ’வின் மூலப்பொருள் ‘கீழே’ என்பதால், இடத்தைக் குறிக்கும் சொற்களில் அதைக் ‘குறைவு’ என்று கொள்ளக் கூடாது: ஹைப்போடெர்மிக் ஊசி தோலுக்கு அடியில் போடப்படுவது, ஹைப்போதலாமஸ் மூளையில் தலாமசுக்குக் கீழே அமைந்த பகுதி. நீர்யானையாகிய ஹிப்போபொட்டமசுக்கோ இந்தக் கணக்கில் இடமே இல்லை. அந்த ‘ஹிப்போ’ கிரேக்கத்தில் குதிரை.