மலையில் குடியேறுகிறீர்களா? குழாய்த் தண்ணீரைப் பற்றி முதலில்

சிங்கப்பூரிலோ லண்டனிலோ குழாயைத் திறந்து அப்படியே குடித்துப் பழகியவர்கள் ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் வீடு பிடித்ததும் இரண்டில் ஒன்று செய்கிறார்கள். ‘மலைத் தண்ணீர்தானே’ என்று பச்சையாகவே குடிக்கிறார்கள். இல்லையென்றால் முதல் வாரமே ஆர்.ஓ. மெஷின் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம்.

ஊட்டிக்கு முக்கியமாக பார்சன்ஸ் வேலி அணையிலிருந்தும், கூடவே மார்லிமந்து, டைகர் ஹில் போன்ற சிறு நீர்த்தேக்கங்களிலிருந்தும் தண்ணீர் வருகிறது. குன்னூருக்கு ரேலியா அணை. கொடைக்கானலுக்கு அப்சர்வேட்டரி பக்கத்து நீர்த்தேக்கமும் மனோரத்தினம் சோலை அணையும். படகு விடுகிற ஏரிகளுக்கும் உங்கள் குழாய்க்கும் சம்பந்தமில்லை. சோலையிலும் புல்வெளியிலும் பெய்த மழைதான் இந்தத் தண்ணீர் என்பதால் உப்பு குறைவு. டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு) மீட்டரை விட்டுப் பார்த்தால் பெரும்பாலும் 200-க்குக் கீழேதான் காட்டும். இந்தியத் தரநிலை விரும்பும் அளவே 500 வரை. ஆர்.ஓ.வின் வேலை உப்பை எடுப்பது. இல்லாத உப்பை எடுக்க, குடிக்கும் ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடுவது தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள ஊரில் அநியாயம். டிடிஎஸ் 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019-ல் சொல்லியிருக்கிறது.

கெடுதல் அணையில் இல்லை, வழியில் இருக்கிறது. தண்ணீர் தினமும் வராது; வார்டைப் பொறுத்து நாள் இடைவெளி மாறும், ஏப்ரல், மே சீசனில் இன்னும் நீளும். விடாத நாட்களில் குழாய் காலியாகக் கிடக்கும். சரிவில் சாக்கடையை ஒட்டியோ குறுக்கேயோ போகும் பழைய இரும்புக் குழாயின் ஜாயின்ட் கசிந்தால், வெளியிலிருக்கும் அழுக்கு உள்ளே இறங்கும். இதில் யாராவது மெயின் லைனில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம். ஆகவே தண்ணீர் விட்டதும் முதல் பத்து நிமிடத் தண்ணீரைத் தொட்டியில் ஏற்றாதீர்கள். வாளியில் பிடித்துச் செடிக்கோ கக்கூசுக்கோ வையுங்கள்.

நிறத்தைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து ஜன்னலோரம் வையுங்கள். பால் போல வெளுத்து, அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் அது வெறும் காற்று. அடியில் சேறு படிந்தால் மழைக் கலங்கல். மெல்லிய துணியில் வடிகட்டி, பிறகு காய்ச்சலாம். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, சில மணி நேரத்தில் செம்மண் நிறமானால் இரும்பு. எவ்வளவு நேரம் வைத்தாலும் இளம் டீ டிக்காஷன் மாதிரியே நின்றால், காட்டு இலைச்சருகின் சாயம். அதனால் வயிற்றுக்கு ஒன்றும் வராது, ஆனால் அது குளோரினைத் தின்றுவிடும். சாம்பல் நிறமும் நாற்றமும் சேர்ந்தால் சாக்கடை கலந்திருக்கிறது: தொட்டியின் வால்வை உடனே அடைத்துவிட்டு நகராட்சிக்குச் சொல்லுங்கள். கலங்கலுக்குப் படிகாரம் சுற்றுவது சமவெளிப் பழக்கம். இங்கே தண்ணீரில் காரத்தன்மை குறைவு. அழுக்கு சரியாகத் திரளாது, தண்ணீர்தான் இன்னும் அமிலமாகும்.

அந்த லேசான அமிலத்தன்மைதான் கீசரையும் குழாயையும் அரிப்பது. வாஷ்பேசினில் நீலப்பச்சைக் கறை தெரிந்தால் செம்போ பித்தளையோ கரைகிறது என்று அர்த்தம். காலையில் சமையலுக்குப் பிடிக்கும் முன் ஒரு வாளி ஓடவிடுங்கள், கீசர் தண்ணீரில் சமைக்காதீர்கள்.

காய்ச்சுவதே போதுமான வழி. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் ஒரு நிமிடம் என்றால் இங்கே கொப்பளிக்கத் தொடங்கிய பிறகு மூன்று நிமிடம். ஆறியதும் அதே பாத்திரத்திலேயே மூடி வையுங்கள். வேறு குடத்தில் ஊற்றும்போதுதான் மறுபடி கிருமி சேரும். புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யு.வி. ஃபில்டரும் நல்லதுதான், ஆனால் கலங்கல் தண்ணீரில் ஒளி ஊடுருவாது, கரண்ட் போனால் வேலை செய்யாது. மழைக்காலத்தில் இரண்டும் சேர்ந்தே வரும்.

வீடு பார்க்கும்போது வாடகைக்கு முன் தண்ணீரைக் கேளுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், சம்ப் (தரையடித் தொட்டி) எவ்வளவு பெரியது, பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் எங்கே? நான்கு பேர், ஆளுக்கு 100 லிட்டர், ஐந்து நாள் இடைவெளி என்றால் 2,000 லிட்டர் சேமிப்பு வேண்டும். சம்பும் ஊற்றும் செப்டிக் டேங்குக்குக் கீழ்ச்சரிவில் இருந்தால் அந்த வீடு வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொட்டியைக் கழுவ வேண்டும். வண்டலை எடுத்து, தேய்த்து, 10 லிட்டர் வாளியில் 10 கிராம் ப்ளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்ததைச் சுவரில் பூசி, அரை மணி நேரம் கழித்து அலசுங்கள். உள்ளே இறங்குபவர் மட்டும் தனியாக இறங்கக்கூடாது. ஒவ்வொரு முறை நிரப்பும் தண்ணீருக்கும் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பவுடர், குளிரென்பதால் ஒரு மணி நேரம் விடுங்கள். பாக்கெட் பிரித்து மாதக்கணக்கில் ஈரத்தில் கிடந்த பவுடர் வெறும் சுண்ணாம்பு. சின்டெக்ஸ் மூடியைக் கம்பி போட்டுக் கட்டுங்கள். குரங்கு திறந்து உள்ளேயே குளிக்கும்.

ஊற்று, கிணற்றுத் தண்ணீர் எடுப்பவர்களுக்குக் காய்ச்சுவது மட்டும் போதாது. மேலே கேரட், உருளைத் தோட்டமோ தேயிலையோ இருந்தால் உரமும் மருந்தும் இறங்கும். நைட்ரேட் காய்ச்சினால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். ரசாயனச் சோதனைக்கு இரண்டு லிட்டர் சுத்தமான கேனில் போதும். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும்: குழாய் வாயைத் தீயில் காட்டி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தைத் தொடாமல் பிடித்து, ஐஸ் வைத்து அன்றைக்கே கொடுங்கள். முடிவில் பார்க்க வேண்டியவை: ஈ.கோலை (மலம் கலந்ததைக் காட்டும் கிருமி) 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக்கூடாது, நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குள், பிஎச் (அமில, கார அளவு) 6.5 முதல் 8.5.