தற்கொலைத் தடுப்புக்கு நிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டுவோர் கவனத்துக்கு

பணம் யாருக்குப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்து, அந்த அமைப்பிடம் எழுத்துமூலம் ஒப்புதல் வாங்குங்கள். நன்கொடைக்குத் தனி வங்கிக் கணக்கு, உண்டியலை எண்ண இருவர், கொடுப்பவருக்கு ரசீது. நிகழ்ச்சி முடிந்த ஒரு வாரத்துக்குள் வரவு செலவை எல்லோர் பார்வைக்கும் வையுங்கள்.

நுழைவுச்சீட்டிலும் பதாகையிலும் உதவி எண் இருக்கட்டும். அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த எண்ணை நீங்களே அழைத்துப் பாருங்கள். அரங்குக்கு அருகில் அமைதியான அறை ஒன்றும், பயிற்சி பெற்ற இருவரும் தேவை. பேச்சைக் கேட்டுக் கலங்கி எழுபவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

மேடையில் பேசுபவர், ஒருவர் தற்கொலையால் இறந்த விதம், இடம், எழுதிவைத்த கடிதம் எதையும் விவரிக்கக் கூடாது. ஏற்கெனவே தவிப்பில் இருப்பவர் அதில் தன்னைப் பொருத்திப் பார்த்துவிடுவார். ‘தேர்வில் தோற்றதால்’ என்று ஒற்றைக் காரணத்தில் அடக்குவதும் தவறு. பெரும்பாலும் பல துயரங்கள் சேர்ந்தே ஒருவரை நெருக்குகின்றன. உறவை இழந்தவர் பேச வந்து கடைசி நேரத்தில் தயங்கினால், தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள்.

யாரைப் பற்றியாவது கவலை இருந்தால் தனியே அழைத்து, “தற்கொலை எண்ணம் வருகிறதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பலருக்கு அது பெரிய ஆறுதல். ‘ஆம்’ என்றால் அறிவுரை வேண்டாம், அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். ஆபத்து உடனடியானது என்றால் தனியே விடாமல், தீங்கு செய்துகொள்ள உதவும் பொருட்களை அகற்றி, அவசர உதவியை அழையுங்கள். மறுநாளும் பேசுங்கள்.