எண்ணெய் வண்ணத்தில் ஒரு பித்தளைச் சொம்பு

பித்தளைச் சொம்பையும் ஓர் எலுமிச்சம்பழத்தையும் சன்னலோரம் வைத்து, வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து மட்டும் விழும்படி மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த பர்ன்ட் அம்பர் என்னும் கரும்பழுப்பு வண்ணத்தால் உருவங்களையும் நிழல்களையும் முதலில் கித்தானில் போட்டு, அது காய்ந்த பிறகே நிறங்களுக்குச் செல்ல வேண்டும். மேலடுக்குகளில் ஆளிவிதை எண்ணெய் படிப்படியாகக் கூட வேண்டும், இல்லையேல் விரைந்து காயும் மேற்பூச்சு பின்னாளில் வெடிக்கும்.

பித்தளை என்றதும் மஞ்சளை எடுப்பதுதான் பலரும் செய்யும் பிழை (நானும் பல சொம்புகளை அப்படித்தான் பாழாக்கினேன்). கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், சொம்பின் பெரும்பகுதி கரும்பழுப்பாகவும், அடிவயிற்றில் எலுமிச்சையின் பிம்பம் நெளிந்தும் தெரியும்; அந்தப் பழுப்பைச் சரியாகப் பூசியபின் யெல்லோ ஓக்கர் என்னும் மண்மஞ்சளைச் சிறிதளவு சேர்த்தாலே உலோகம் மின்னத் தொடங்கும். வெளிச்சம் பட்டுப் பளிச்சிடும் இடத்துக்கான வெள்ளைப் புள்ளியைக் கடைசியில், கெட்டியாக, ஒரே தொடுதலில் வையுங்கள்.